அடிபட்டிருக்கு என்று மட்டும்

வண்ணார்பேட்டை
ஜூன் 9

அன்புள்ள அஃப்சல் அண்ணனுக்கு,

தங்கை பிரியதர்ஷினி எழுதுவது. நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான், ஒற்றை அறை வீட்டில் அத்தை காதுக்குத் தப்பி எதைப் பேச?

அன்று எல்லையிலிருந்து காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, "சுடலைக்கு அடிபட்டிருக்கும்மா, ஆஸ்பத்திரில சேத்துருக்கு" என்றீர்கள். தன் பிள்ளை பிழைத்தால் முடி இறக்குவதாகப் பட்டினியோடு வேண்டிக்கொள்ள, அத்தை உடனே திருச்செந்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இறங்கியதும் தலை சுற்றியிருக்கிறது. பஸ் நிலையத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போனார்கள். மறுநாள் காலை தாசில்தாரும் பட்டாளத்துக்காரர்களும் வந்து, என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றார்கள்.

ஒரு மாதமாகிறது. "வாயக் கட்டத் தெரியாம எம்புள்ளைய நானே கொன்னுட்டேன்" என்று ஓயாமல் அழுகிறார்கள். சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார்கள். இவர்களையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு அண்ணே, மறைக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டபோது அவர் உயிரோடு இருந்தாரா? உள்ளதை எழுதுங்கள்.

தங்கை
பிரியதர்ஷினி


முகாம்
ஜூன் 18

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் நியாயம். நான் கூப்பிட்டபோது சுடலை இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு, குண்டு விழுந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

முறைப்படி மேலதிகாரிகள்தான் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அதற்குள் டிவியில் பெயர் வந்துவிடுமோ என்று பயந்து முந்திக்கொண்டேன். சொல்ல வாய் வரவில்லை. நம் ஊர்ப்பக்கம் யார் இறந்தாலும் முதலில் 'சீரியஸ்' என்றுதானே சொல்வோம்? கேட்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். நீயும் புரிந்துகொள்வாய் என்று நினைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு:

அம்மா, நீங்கள் பஸ் ஏறுவதற்கு ஆறு மணி நேரம் முன்பே சுடலை போய்விட்டான். அல்லாஹ் மேல் ஆணை. நீங்கள் சாப்பிட்டதில் ஒரு தப்பும் இல்லை. பொய் சொன்னவன் நான். என்னைத் திட்டுங்கள், சோறு மட்டும் சாப்பிடுங்கள்.

உங்கள்
அஃப்சல்


வண்ணார்பேட்டை
ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் நான் அழுது முடித்தேன். பிறகு அத்தையை உட்கார வைத்து, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார்கள். அப்பாடா என்று தட்டை எடுக்க எழுந்தேன்.

"அஃப்சல் தங்கமான புள்ள. அன்னைக்கி உள்ளதச் சொன்னான். இன்னைக்கி நான் சாப்பிடணும்னு பொய் சொல்லுதான்" என்றார்கள்.

போன வாரம் தாசில்தார் கொடுத்தனுப்பிய காகிதத்தில் அதே ஐந்து மணி போட்டிருப்பதைக் காட்டினேன். எழுதினவன் கூட இருந்தானா என்று கேட்கிறார்கள். கூட இருந்த நீங்கள் எழுதியதையும் நம்பவில்லை. நான் என்ன செய்ய?

லீவில் வரும்போது நீங்கள் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டுமாம். அந்த ஒரு நாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை தண்ணீர் கேட்டானா, யார் கொடுத்தார்கள் என்று உங்களிடம் விசாரிக்க வேண்டுமாம். என்ன சொல்வீர்களோ, எனக்குத் தெரியவில்லை அண்ணே.

தங்கை
பிரியதர்ஷினி