பத்து நாள் வெறும் தண்ணீர்

தை மாதம், செவ்வாய். பூசத்துக்கு இன்னும் நான்கு நாள்.

காவடிக்கு முன் பத்து நாள் வெறும் தண்ணீரில் இருப்பவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பிய தங்கை புருஷன் ஆறு நாளாகத் தண்ணீர் மட்டுமே குடித்து, இன்று கரும்புக் கொல்லையில் களை வெட்டும்போது சுருண்டு விழுந்தார். நெடுநேரம் கண் திறக்கவில்லை.

"அண்ணே, நீ மட்டும் எப்படித் தாங்குன?" என்று தங்கை அழுதாள்.

சுற்றிலும் ஊரே நின்றது. "ராத்திரியில உப்புக் கஞ்சி குடிப்பேன் புள்ள," என்றேன். "மச்சான் முழிச்சதும் கொஞ்சங் கொஞ்சமா குடு. ஒரேயடியா ஊத்தாத."

மாலையில் நாலு கரண்டி இறங்கியதும் அவர் கேட்டார்: "காவடியோட மலையில ஓடியே ஏறுனியே மச்சான், அது?"

"அது நிஜம்," என்றேன்.

அவரும் ஓடக் கிளம்புவதற்குள் அதன் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இன்று தெம்பில்லை.