பச்சைக் கீரைத் தட்டு

டிசம்பர் 12, 1974. வியாழன். பெஹாலா.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. உப்பும் எண்ணெயும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர்காலம் என்பதால் சந்தையில் பாலக் கீரை இளசாக வந்திருந்தது. பச்சையாகவே நறுக்கி, வேகவைத்த பீட்ரூட், பட்டாணி, வறுத்த வேர்க்கடலை சேர்த்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன்.

"ஆட்டுக்குப் போடற தழையை எனக்குக் கொண்டு வரயா?" என்று தட்டைத் தள்ளினார்.

சண்டை போடத் தெம்பில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்து நானே சாப்பிட ஆரம்பித்தேன். அழுகை வந்தது. மென்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கை நீட்டி ஒரு பீட்ரூட் துண்டை எடுத்தார். அப்புறம் கீரையை.

"எனக்கு பயமா இருக்குடி" என்றார்.

எனக்கும்தான். தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். முழுக்கச் சாப்பிட்டார். இப்போது தூங்குகிறார். மூச்சு சீராக வருகிறது. எனக்கும் கண் சொருகுகிறது.