பெரியவரின் காலடியில்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாளா, தலையணைக்கடியில் ஒளிக்கிறாளா?

நான் கவனித்துக்கொள்ளும் பெரியவர் பக்கவாதம் வந்ததிலிருந்து நேற்றுவரை பேசியதே இல்லை. நான்தான் ஓயாமல் பேசுவேன். வேத வசனப் போட்டியில் பரிசு வாங்கிய வாயாயிற்றே! நேற்று மத்தியானம் அவர் கால்களைக் கழுவ உட்கார்ந்தவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டே ஞானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

திடீரென்று அவர், "கொஞ்சம் சும்மா இரும்மா. கீழ ஒருத்தர் எவ்வளவு நேரமா கழுவிட்டிருக்காரு, பாரு," என்றார்.

அங்கே யாரும் இல்லை. ஆனால் நான் இன்னும் தொடாத கால்கள் நனைந்திருந்தன.

ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை அப்பா. மண்டியிட்டேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லிக்குடுங்க," என்றேன். யாரோ நகர்ந்து எனக்கு இடம் விட்டதுபோல் இருந்தது.

"இப்ப சரி," என்றார் பெரியவர். அப்புறம் பேசவில்லை.

கவலைப்படாதீர்கள். உங்கள் பழைய சால்வையை, உங்கள் வாசனை போகாதபடி, துவைக்காமல் அனுப்புங்கள். ஜெபத்தில் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்வதை விட்டுவிடுங்கள்.

பெரியவர் அறையில் என்னைக் கூப்பிடும் மணி அடிக்கிறது. அவருக்கு இரண்டு கையும் அசையாது. இருந்தாலும் போகிறேன்.

உங்கள் மகள்