யாழினியின் கை ஏன் இன்னும் கழுத்தில் இருக்கிறது?

என் ஸ்டெல்லாக்கா,

நான்தான். உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சொல்வது பொய். நாலு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல் வரை போகிறேன், திரும்பி வந்து போனை எடுத்துப் பார்த்துக் கவிழ்த்து வைக்கிறேன். "ஏன்டி, வெந்நிய கால்ல ஊத்திக்கிட்ட மாதிரி அலையிற?" என்று அம்மா கேட்டுவிட்டாள். என்ன சொல்வது? சென்னையிலிருந்து ஒரு பதில் வர வேண்டும். வந்தால் வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரிந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு கை இருக்குமா, போய்விடுமா என்பதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

அந்தக் கை உன்னுடையது. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

நான் சீரியலுக்கு எழுதப் போனது உனக்குத் தெரியும். அப்போது மாமியார் மருமகள் கதை. நீ போன பிறகு வேலை மாறிவிட்டது. இப்போது போலீஸ் சீரியல், வாராவாரம் ஒரு கொலை. யாழினி என்று ஒரு பெண் இன்ஸ்பெக்டர், அவளுக்குத் திரைக்கதையும் வசனமும் நான். உனக்குப் பிடித்த சரக்கு. கொலைக் கதை ஓடினால் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட உனக்குத் தெரியாதே.

ஆனால் நீ வாயை மூடிக்கொண்டு பார்க்கிற ஆளா? "போன வாரம் இவளத்தானே கெணத்துல தள்ளுனாங்க? இன்னைக்கு அதே கெணத்தடியில சிரிச்சுக்கிட்டு நிக்கிறா?" என்பாய். "அது போன வாரம்க்கா" என்பேன். "ஓஹோ, வாராவாரம் புது உடம்பு குடுத்துடுவாங்களோ?" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாய். நான் சிரிப்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அந்தக் கேள்விதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. நீ பால்வாடி டீச்சர். பள்ளி விட்டு வாய்க்கால் கரையோடு ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாய். பின்னால் பைக்கில் வந்த இரண்டு பேர் தாலிச் செயினைப் பிடித்து இழுத்தார்கள். செயின் சீக்கிரம் அறுபடவில்லை. ஸ்கூட்டி சாய்ந்த பிறகும் கொஞ்ச தூரம் உன்னை இழுத்துக்கொண்டு போனார்கள். நடவு முடிந்த வயலில் சேற்றோடு சேறாகக் கிடந்தவளை, மடை பார்க்க வந்தவர்கள்தான் தூக்கினார்கள்.

இரண்டு பேரும் பிடிபட்டார்கள். செயினும் கிடைத்துவிட்டது. அத்தான் அதை வாங்கி வந்து, ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்து, பெரியம்மா வந்து பிரியாணி செய்து, ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. வருகிறவர்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "அதான் கிடைச்சிடுச்சுல்ல!" நீயும் தலையாட்டினாய். அதுதான் எங்கள் தொழிலில் கடைசிக் காட்சி. பொருள் கிடைத்தது, குற்றவாளி உள்ளே, பாட்டு, சுபம்.

நீ அந்தச் செயினைப் பீரோவில் வைத்துப் பூட்டினாய். தாலியை ஒரு மெல்லிய நூலில் கோத்துக்கொண்டாய். தங்கம் கைக்கு வந்த பிறகும் நூலில் தொங்கவிட்டிருக்கிறாளே என்று ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். நான் கேட்டதற்கு நீ வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாய்: "இழுத்தா அறுந்துடணும்டி. நான் கூடப் போகக் கூடாது."

பால்வாடி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்ட மாட்டாய், இடுப்பில் செருகிக்கொள்வாய். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் உன் வலது கை தானாக எழும்பிக் கழுத்தைப் பொத்திக்கொள்ளும். பேசிக்கொண்டிருப்பாய், பேச்சு நிற்காது. சிரித்துக்கொண்டிருந்தால் சிரிப்பும் நிற்காது. கை மட்டும் மேலே போகும், வந்தது யார் என்று பார்த்த பிறகு இறங்கும். அந்தக் கை போனதும் வந்ததும் உனக்கே தெரியுமா? நான் கேட்டதில்லை.

உன்னைக் கொண்டுபோனது அந்த பைக் அல்ல, சிறுநீரகம். ஆனால் டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் வைக்க வேண்டும் என்று சொன்னபோது, எழுந்து நிற்கவே தெம்பில்லாத நீ டாக்டரின் கையைத் தட்டிவிட்டாய். "ஏம்மா இவ்வளவு பயம்?" என்றார் அவர். "ஒரு தடவ செயின் அறுத்துட்டாங்க சார்" என்றார் அத்தான். "எப்போ? போன மாசமா?" என்று கேட்டார் டாக்டர். அத்தான் வருஷக் கணக்கைச் சொன்னார். டாக்டர் நர்ஸைப் பார்த்து, "தொடையில வைக்கலாம்" என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

இரு, அம்மா வருகிறாள். "நான்தான்" என்று சொல்லிக்கொண்டே காப்பியை வைத்துவிட்டு, நான் யாருக்கு எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். கேட்கவில்லை. போன் இன்னும் அடிக்கவில்லை.

யாழினி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கதையில் நெல் கோடவுனுக்குள் அவளுக்குப் பின்னாலிருந்து வந்து கேபிள் ஒயரால் கழுத்தை இறுக்குகிறான் ஒருவன். தப்பிக்கிறாள், அவனைப் பிடிக்கிறாள், கைதட்டல். அடுத்த வாரம் வேறு கொலை. எழுத உட்கார்ந்தேன். யாழினி ஸ்டேஷனில் நிற்கிறாள், ஏட்டையா ராமையா ஃபைலோடு பின்னால் வருகிறார். என்னையறியாமல் எழுதிவிட்டேன்: யாழினியின் கை கழுத்துக்குப் போகிறது.

டைரக்டருக்குப் பிடித்திருந்தது. அந்த நடிகைக்கும் பிடித்திருந்தது, அளவாகச் செய்தாள். காட்சிக்குக் காட்சி உடையும் காயமும் மாறிவிடாமல் கன்டினியூட்டி பார்க்கும் எங்கள் ஷாலினி என்ற பெண் கெட்டிக்காரி. முதல் வாரம் கழுத்தில் ஒயர் இறுக்கிய கோடு சிவப்பு, அடுத்து கருஞ்சிவப்பு, பிறகு பழுப்பு என்று மேக்கப்காரரை விரட்டி விரட்டிப் போட வைத்தாள். ஒரு முறை வேறொருவர் கைக்கட்டு இடமிருந்து வலம் மாறிவிட்டதற்கு ஜனங்கள் போன் போட்டுத் திட்டித் தீர்த்துவிட்டார்கள், அதிலிருந்து அவளுக்குப் பயம். கோடு முழுசாக மறைந்த வாரம் என்னிடம் வந்தாள். "மேடம், மார்க் போயிடுச்சு. இனிமே கையை எடுத்துடலாம்ல? கன்டினியூட்டி இடிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. கட்டு இடம் மாறினால் ஊரே பார்க்கிறது அக்கா. பயம் காணாமல் போனால் ஏன் ஒருவரும் போன் போடுவதில்லை?

இதற்கெல்லாம் எங்களிடம் வழக்கமான வைத்தியம் உண்டு. பெரும்பாலும் மறந்துவிடுவோம். முடியாவிட்டால் கறுப்பு வெள்ளையில் ஒரு ஃப்ளாஷ்பேக், பின்னால் வயலின். யாராவது ஒருவர் தோளில் சாய்ந்து அழுதாள் என்றால் குணமாகிவிட்டாள் என்று அர்த்தம். வில்லனைச் சுட்டுவிட்டால் இன்னும் சீக்கிரம் குணமாகும். டப்பிங் செய்து வருகிற வெளிநாட்டுத் தொடர்களில் கொஞ்சம் கௌரவமாகச் செய்வார்கள், போலீஸ்காரர் வருஷக்கணக்காகக் குடித்துக்கொண்டே இருப்பார். அங்கேயும் வலி கதையின் வசதிக்குத்தான் வரும். கொலைகாரனை நெருங்கும் நேரத்தில் சரியாகக் கை நடுங்கும். காய்கறி வாங்கும்போது நடுங்காது.

உனக்குக் காய்கறிக் கடையில்தானே நடுங்கியது? பாபநாசம் கடைத்தெருவில் யாரோ ஒரு அம்மாள் கத்தரிக்காய் எடுக்க உன் தோளுக்கு மேலே கையை நீட்டினாள். நீ பையைப் போட்டுவிட்டாய், தக்காளி எல்லாம் ரோட்டில் உருண்டது. அந்த அம்மாள்தான் பாவம், "மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்கம்மா" என்று பொறுக்கிக் கொடுத்தாள். இதை எந்த எபிசோடில் வைப்பது? எந்தக் கொலைக்கும் இது துப்பு ஆகாதே.

சேனல்காரர் போன வாரம் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், இன்ஸ்பெக்டர் பயந்துக்கிட்டே இருந்தா ஆடியன்ஸுக்கு நம்பிக்கை போயிடும். அந்த ட்ராக்க மூடிடுங்க. ஒரு கவுன்சிலிங் சீன் வைங்க, நல்லா அழட்டும், அடுத்த வாரம் ஃப்ரெஷ்ஷா வரட்டும். உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற யாரையாவது வச்சுப் பாத்துக்குறோம்." அதோடு இந்த எபிசோடை இன்றைக்குள் அனுப்பச் சொன்னார்.

அழுதால் சரியாகிவிடும் என்றால் நீ எப்போதோ சரியாகியிருப்பாய்.

இதற்கு நடுவில் இன்னொரு பயம். அம்மா போனில் சொன்னாள்: "அந்தப் புள்ள கழுத்தப் புடிச்சதும் மாப்பிள்ள டிவிய அணைச்சுட்டு வெளிய போயிட்டாருடி." அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கையைத் தூக்கி ஊருக்கு நடுவில் வைத்துவிட்டேனோ? உன்னிடம் கேட்கவும் முடியாது. அத்தானிடம் கேட்கத் தைரியம் இல்லை. அந்த மனுஷர் கோபம் வந்தாலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டத்தான் போவார், சந்தோஷம் வந்தாலும் அதற்குத்தான் போவார். எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

அந்தப் பயத்தோடுதான் ஊருக்கு வந்து இறங்கினேன். இன்று காலையில் கல்லறைத் திருநாள் பூசை முடிந்து, மழை விட்டதும் உன்னிடம் வந்தோம். அம்மாவும் நானும் முன்னாலேயே வந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். பாதை முழுக்கச் சேறு, தண்ணீர் தேங்கிக் கிடந்தது. செவந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கப் போன அத்தான் அந்தப் பக்கம் வர முடியாமல், சுற்றிக்கொண்டு சிலுவைக்குப் பின்பக்கமாக வந்தார். நான் குனிந்திருந்ததால் அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா தள்ளி நின்றாள். அத்தான் உன் சிலுவைக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றார். செருமினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான்தான் ஸ்டெல்லா."

சொல்லிவிட்டுத்தான் முன்னால் வந்தார்.

அக்கா, பிடுங்கிய புல் அப்படியே என் கையில் நின்றுவிட்டது. இந்த வீட்டில் எல்லாரும் "நான்தான்" என்று சொல்லிக்கொண்டேதான் நுழைவார்கள். பால்காரர், அம்மா, எதிர்வீட்டு ஜெயராணி, நான். சமையலறைக்குள் போகுமுன் நானும் சொல்வேன். அதை இந்த வீட்டுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தது என்று யோசித்ததே இல்லை. அத்தான் பைக்கில் உனக்குப் பின்னால் வந்தால் வாய்க்கால் மதகிலேயே ஹார்ன் அடித்துவிட்டு, "நான்தான்" என்று கத்திவிட்டுத்தான் உன்னைத் தாண்டுவார். அதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, யாரும் அதைப் பற்றி உன்னிடம் பேசவும் இல்லை.

நான் உன் கையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் யாழினிக்கு வைத்துவிட்டேன். அவளைச் சுற்றி ஒருவரும் சத்தம் கொடுக்காமலே வந்துகொண்டிருந்தார்கள். பாவம் அவள், தனியாகவே கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

திரும்பி வரும்போது எப்படியோ கேட்டுவிட்டேன். "அத்தான், சீரியல்ல அந்தக் கைய எடுக்கச் சொல்றாங்க. எடுத்துடவா?"

அத்தான் செருப்பில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு என்னால பாக்க முடியல. அவ வந்துட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, "அவளே கடைசி வரைக்கும் எடுக்கல. நீ எப்புடி எடுப்ப?" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சாப்பிடக்கூட இல்லை, உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டேன். கவுன்சிலிங் சீன் இல்லை, வயலின் இல்லை. யாழினி எப்போதும்போல் கொலைகாரனைப் பிடிக்கிறாள், அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் ஏட்டையா ராமையா இனிமேல் ஃபைலோடு உள்ளே வரும்போது வாசலிலேயே "நான்தாம்மா" என்கிறார். யாழினியின் கை பாதி வழி எழும்பி, மேஜைக்குத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் எழுதினேன். அதற்குப் பதில் வரத்தான் இந்த அலைச்சல்.

அடித்துவிட்டது. இரு.

டைரக்டர்தான். "மேடம், படிச்சேன். அந்த ஏட்டு எதுக்கு ஒவ்வொரு தடவையும் நான்தாம்மா நான்தாம்மான்னு வர்றாரு? கதைக்கு அது தேவையா?" என்றார். "கதைக்கு இல்லைங்க. யாழினிக்கு" என்றேன். "சேனல் என்ன சொல்லும்னு தெரியல. ஷூட் பண்ணிப் பாக்குறேன். பேசித்தான் பாக்கணும்" என்று வைத்துவிட்டார். இதற்கு என்ன அர்த்தம் அக்கா? வேலை இருக்கிறதா, இல்லையா? எழுந்து போய்த் திரும்பவும் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

கை இறங்கிவிடும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். யாழினிக்கு இறங்கலாம், கடைசி வரை இறங்காமலும் போகலாம், அது அவள் பாடு. என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டால் நான் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் நான் எழுதுகிற வரைக்கும், இங்கேயோ வேறு எங்கேயோ, எந்தக் கதையாக இருந்தாலும் சரி, ஒருத்திக்குப் பின்னால் வருகிறவர்கள் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். இது சத்தியம்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கும் பாதை சேறாகத்தான் கிடக்கும். பின்பக்கமாகத்தான் வருவேன். பயப்படாதே.

நான்தான்,
உன் தங்கச்சி பிலோமி