மர்சூக் நானாவின் எச்சரிக்கை

பாடசாலை முகாம்,
பலாபத்வல.

அன்புள்ள தம்பி ரமேசுக்கு,

அக்கா கமலாட்சி எழுதுவது. நானும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. கடைக்கார மர்சூக் நானாவின் தம்பி நளீம் நீ இருக்கும் கட்டாருக்கே வேலைக்கு வருகிறார். இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நம் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னாலிருந்த மலை சரிந்து உன் மச்சான் போனது உனக்குத் தெரியும். அதற்கு முன் நடந்ததை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ அங்கிருந்து நடத்தும் வாட்ஸ்அப் மழைக் குழுவை இங்கே எல்லா லயத்திலும் பார்ப்பார்கள். சூறாவளி வடக்கே போய்விடும், மாத்தளையில் மழை குறையும் என்று போட்டிருந்தாய். நானாவோ, தன் கடைக்கூரையில் வைத்த மழைமானி நிரம்பி வழிகிறது, மலையடியில் இருப்பவர்கள் எழும்பிப் போங்கள் என்று எழுதினார். கூடவே, "கட்டார் வெயில்ல இருந்தா இங்கத்த மேகம் தெரியுமா தம்பி?" என்றும் கேட்டார். அது பகிடி. நீ அவமானமாக எடுத்துக்கொண்டாய். சனங்களைப் பயமுறுத்திப் பேர் வாங்கப் பார்க்கிறார் என்று திட்டி, அவர் எழுதியதை அழித்து, ஆளையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டாய்.

அன்று பின்னேரம் அவர் நனைந்துகொண்டே நம் லயத்துக்கு ஏறி வந்தார். "ரமேஸ் என்ன சொன்னாலும் பரவாயில்ல தங்கச்சி, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு கீழ வந்துருங்க" என்று கெஞ்சினார். உன் மச்சான் முகம் கொடுக்கவில்லை. "என் மச்சானக் கேலி பண்ணுன ஆளு சொல்லி நான் வீட்ட விட்டுப் போகணுமா?" என்றார்.

நான் பிள்ளைகளோடு நானாவின் பின்னால் இறங்கினேன். நாளைக்கு வெட்கப்பட்டுத் திரும்பி வருவாய் என்று உன் மச்சான் வாசலில் நின்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. மண்ணைத் தோண்டியவர்கள் என்னைப் பார்க்க விடவில்லை.

தோண்டியவர்களில் நானாவும் ஒருவர். இப்போது அவர் மழையைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீயும் எழுதுவதை நிறுத்திவிட்டாய். மறுபடி மழை பிடித்திருக்கிறது. முகாமில் உள்ளவர்கள் அந்தக் குழுவைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லை.

நானாவைத் திரும்பச் சேர்த்துக்கொள். இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டாம். சண்டை பிடித்துக்கொண்டே எழுதுங்கள். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் எங்கள் கண்ணில் படட்டும். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது.

கருமாதி முடிந்துவிட்டது. மாமா ஏன் பேசவில்லை என்று சின்னவள் கேட்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள். ஒரு தடவை பேசு, தம்பி. நான் எதையும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா,
கமலாட்சி