கண்டாக்கு வைத்த கையெழுத்து

மஸ்கெலியா
12.8.1964

அன்பு மகன் செல்லசாமிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், கொழும்பில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க அவளையே கும்பிடுகிறேன். அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்தோம்.

என் கேஸ் சமாசாரம் கேள். என்னை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்லி லேபர் கோர்ட்டு ஐயா தீர்ப்புக் கொடுத்தாரே, அது செல்லாது என்று தோட்டத்து வக்கீல் அப்பீல் போட்டிருக்கிறார். நான் கத்தியை ஓங்கினேன் என்று, தொரைக்குக் கீழே நின்று நம்மை வேலை வாங்குகிற கண்டாக்கு சொன்ன பொய்யைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. அந்த ஐயாவை அந்த வேலைக்குப் போட்டதே தப்பாம். கிளாக்கர்மாரைப் போடுகிற கமிஷன் அவரைப் போட்டுவிட்டதாம், தீர்ப்புச் சொல்கிறவரை நீதிபதிகளைப் போடுகிற கமிஷன்தான் போட வேண்டுமாம். சங்கத் தலைவர் கந்தப்பன்தான் இதைப் படித்துச் சொன்னார். இரண்டு வருஷம் இந்தக் கேஸுக்காக அட்டனுக்கு பஸ் ஏறி அலைந்தேனே, அப்போதெல்லாம் இந்த வக்கீலுக்கு அது தெரியவில்லையா? தோற்ற பிறகுதான் கண் திறந்ததா?

கண்டாக்கு வெடி கொளுத்தாத குறை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாப் பெண்களுக்கும் முன்னால், "காளியாயிக்குத் தீர்ப்பு சொன்ன ஐயாவுக்கே அதிகாரம் இல்லையாம்" என்று சிரித்தானாம். அப்பா, "போகுது விடு புள்ள, அவங்களோட மல்லுக்கட்ட நம்மால ஆகுமா" என்கிறார். நீயும் போன கடிதத்தில் அதையே எழுதினாய். விட மாட்டேன். அவன் தலை குனிந்து நிற்கிறதைப் பார்க்காமல் என் கட்டை வேகாது.

அவன் சிரித்த அன்றைக்கே எனக்கு ஒன்று உறைத்தது. ஆளைப் போடுவதற்கு அதிகாரம் வேண்டும் என்றால், ஆளை நிறுத்துவதற்கும் வேண்டாமா? இனி வேலை இல்லை என்று எனக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்து நிறுத்திய வாரம், தோட்டத்தை நடத்துகிற தொரை லீவில் சீமைக்குப் போயிருந்தார், பதில் தொரையும் வந்து சேரவில்லை. சீட்டில் இருப்பது கண்டாக்கின் கையெழுத்து! கோர்ட்டில் எல்லோரும் கத்தியைப் பற்றியே பேசினார்கள், சீட்டின் அடியை ஒருவரும் பார்க்கவில்லை. தலைவரிடம் சொன்னேன், எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா, ஆள நிப்பாட்ட தொரைக்கு மட்டுந்தான் அதிகாரம், அந்தச் சீட்டு எங்க இருக்கு?" என்றார்.

கேஸ் முடிந்ததும் பத்திரமாக இருக்கட்டும் என்று நீ கொண்டுபோனாயே, அது உன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ரெஜிஸ்டர் தபாலில் உடனே அனுப்பு. இனி எந்தக் கமிஷன் எந்த ஐயாவைப் போட்டாலும் சரி, நான் போய் நிற்பேன். உன்னை யாரப்பா தொரையாகப் போட்டது என்று முதல் கேள்வியாகக் கண்டாக்கிடம் கேட்கத் தலைவரிடம் சொல்வேன். அப்போதும் சிரிக்கட்டும்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், மழையில் நனையாதே.

இப்படிக்கு, உன் அம்மா
காளியாயி

சீட்டை மடிக்கும்போது கையெழுத்தின் மேல் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்.