சாரல் காலத்து வீட்டுக்காரி

இன்று காலை குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியது. கடைக்கு வந்த முதல் மங்குஸ்தானில் ஒன்றை வாங்கி உடைத்தேன். கறை ஏறிய விரலோடு பேரூராட்சி அலுவலகத்தில் என் மேசையில் வந்து உட்கார்ந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. இனி வேலை எங்கே ஓடும்?

விசா, பாஸ்போர்ட், குடியுரிமை என்று அலைகிறவர்களுக்கு உதவத்தான் அந்த மேசை. முதல் நாள் நீ இலங்கைப் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு, நான் நீட்டிய விண்ணப்பத்தைத் தொடாமல் நின்றாய். "பழம் உரிச்ச கை அக்கா. காயிதத்துல கறை பட்டுரும்லா" என்றாய். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இந்த ஊர்க்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பேச்சில் எங்கள் ஊர் நன்றாகவே ஏறியிருந்தது.

உன் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் குடியுரிமை கிடைக்குமுன் போனால் திரும்பி வர விடமாட்டார்களோ என்ற பயம். இங்கே கணவரும் பிள்ளைகளும். அம்மாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜன்னல் வழியே மலையைத்தான் பார்ப்பாய். மேகம் இறங்கி மரங்களை மூடினால் அதுதான் உன் தோட்டம் என்பாய். உன்னோடு பார்த்துப் பார்த்து, எனக்கும் அந்த வெள்ளைக்குள் யாரோ கொழுந்து பறிக்கிற மாதிரி இருக்கும்.

உன் குடியுரிமை மனுவை விசாரிக்க ஆள் வந்த அன்றுதான் வினை. சீசன் வந்தால் பாதி ஊர் வீட்டை அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடும். அதற்குப் பேரூராட்சியில் அனுமதி வாங்குவது யார்? பேரூராட்சி ஆள் மாதிரி யார் வந்தாலும் சொல்ல ஒரு பதில் எல்லார் வாயிலும் தயாராக இருக்கும். நீயும் அதையே சொல்லிவிட்டாய்: "வீட்டுக்காரங்க ஊர்ல இல்ல சார். நான் சமைக்க வந்தவ."

வந்தவர் வெளியூர்க்காரர். இந்த முகவரியில் மனுதாரர் வசிக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"உங்க ஆபீஸ் ஆளுன்னுல்லாக்கா நெனச்சேன்" என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு முட்டியது. உன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அம்மாவை இனிப் பார்க்கவே முடியாது என்று முடிவுகட்டிய முகம் அது.

ஊர் வழக்கத்தை விளக்கி மனு எழுதி, தென்காசிக்கு நடையாய் நடந்து, மறு விசாரணை வாங்கினோம். அதற்குள் அடுத்த சீசனே வந்துவிட்டது. மறு விசாரணை அன்றும் உன் வீடு நிறைய மதுரைக்காரர்கள், கொடியெல்லாம் ஈரத் துண்டுகள். அனுமதியில்லாமல் வாடகைக்கு விட்ட வீடு என்பதை, கூட வந்திருந்த பேரூராட்சிக்காரி என் முன்னாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். நீ வாசற்படியில் சாரலில் நனைந்துகொண்டு நின்றாய்.

"இது என் வீடு சார். இவங்க சீசனுக்கு வந்தவங்க. நான் எப்பவும் இங்கனதான் இருக்கேன்."

குரல் நடுங்கவில்லை. பக்கத்து வீட்டார் கேட்காமலேயே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே உன்னை வீட்டை வாடகைக்கு விடும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வைத்தேன், விடுவேனா?

குடியுரிமைச் சான்று வரும்வரை உன் அம்மா காத்திருந்தார்கள், அது பெரிய புண்ணியம். போய்வந்து தேயிலைப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தாய். அம்மா கண் தெரியாமல் உன் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஈரமா இருக்கே, ஒங்க ஊர்லயும் மழையா?" என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாயாம். பிறகு இரண்டு பேரும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களாம்.

போன வருஷக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது மேசைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லி அனுப்புகிறேன், யார் வந்து கேட்டாலும் முதலில் இது என் வீடு என்று சொல்லுங்கள் என்று.

மாலையில் கால்கள் தாமாக உன் தெருவுக்குப் போய்விட்டன. வாசலில் சீசனுக்கு வந்த, முன்பின் தெரியாத ஒருவர் தலை துவட்டிக்கொண்டு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்த என்னிடம், "வீட்டுக்காரம்மா இல்லீங்களே" என்றார். இத்தனை நாள் ஊரே சொன்ன பொய். இன்று அதில் பொய் இல்லை.

"தெரியும்" என்றேன். "ஆனா இது அவ வீடு."

நான் நனைந்துகொண்டே திரும்பி வந்தேன்.